பிறவாதவன் பட்ட கடன்

திருக்குறளின் 95-ஆம் அதிகாரமாகிய 'மருந்து', மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்துக் காட்டி நிறைவெய்துகிறது. நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுபவர் என்பவையே அந்நான்கு கூறுகள். தமிழ் பயில்வார் யாவரும் அறிந்த இப்பகுப்பில் நோயாளிக்கே முதலிடம். ஏனைய மூன்றும் அவர்பொருட்டு அமைந்தவை. மருத்துவர் தரும் மருந்து எதிரே அமர்ந்திருக்கும் அந்த ஒருவருக்காகவே தரப்படுகிறது என்னும் நம்பிக்கையின்மீதே மருத்துவம் என்னும் அறம் காலங்காலமாக நிலைபெற்று வந்துள்ளது.

மருந்துச் சோதனை என்னும் முறை தோன்றியபொழுது இந்நால்வர் அவைக்குள் ஐந்தாமவன் ஒருவன் வந்து புகுந்தான். அவன் இன்னும் பிறவாத நோயாளி. புதிய மருந்தொன்று பயன் தருமா, தீங்கு செய்யுமா என்பதைச் சோதனையின் தொடக்கத்தில் ஒருவரும் அறியார். அறிந்தபின் அவ்வறிவால் வாழப்போகிறவன் பெரும்பாலும் நாளை வருபவனே. ஆகவே இன்று நோயுற்றிருப்பவன், தன்பொருட்டு மட்டுமன்றி முகமறியா ஒருவன்பொருட்டும் மருந்துண்கிறான். சில வேளைகளில் மருந்துச் சத்தே இல்லாத வெற்று மருந்தையும் உண்கிறான். ஒரு குழந்தையின் நாள்களை மற்றொரு குழந்தைக்காகச் செலவிடுதல் அறமாகுமா? ஆகுமெனின் எந்த எல்லைவரை ஆகும்? இவ்வினாவை, அரிதாகத் தோன்றும் மரபுவழித் தசைநோய் ஒன்றை முன்னிறுத்தி ஆராய்தல் தெளிவு தரும். அந்நோயில் நாள்களின் விலை மிக உயர்ந்தது.

நாள்களை உண்ணும் நோய்

டூஷேன் தசைச்சிதைவு நோய், 19-ஆம் நூற்றாண்டில் அதனை விரிவாக ஆராய்ந்த பிரெஞ்சு மருத்துவர் டூஷேனின் பெயரால் வழங்குவது. ஏறத்தாழ 3,500 முதல் 5,000 ஆண்குழந்தைகளுள் ஒருவருக்கு இந்நோய் காணப்படுகிறது. பெண்குழந்தைகளை இது பெரும்பாலும் தாக்குவதில்லை. தசைநாரின் மேலுறையைத் தாங்கி நிற்கும் டிஸ்ட்ரோபின் என்னும் புரதம் இக்குழந்தைகளின் உடலில் உருவாவதில்லை. அப்புரதத்திற்குரிய மரபணுவை 1986-லும், புரதத்தை 1987-லும் அமெரிக்காவில் லூயி குன்கெல் என்பாரின் ஆய்வுக்குழுவினர் கண்டறிந்தனர். தாங்கும் புரதம் இன்மையால், தசை சுருங்கி விரியுந்தோறும் சிறிது சிறிதாகக் கிழிகிறது. கிழிந்த இடத்தைக் கொழுப்பும் நார்த்திசுவும் நிரப்பிக்கொள்கின்றன. அவ்வாறு இழந்த தசை மீள்வதில்லை.

இந்நோயை முதலிற் காணும் வாய்ப்புப் பல வேளைகளில் பள்ளி ஆசிரியருக்கே கிட்டுகிறது. தரையில் அமர்ந்த சிறுவன் எழும்பொழுது, கைகளை முதலில் தரையில் ஊன்றிப் பின்னர் முழங்காலிலும் தொடையிலும் மாற்றி மாற்றி வைத்துத் தன் உடம்பின்மீது தானே ஏறுவான்போல் நிமிர்கிறான். ஆங்கில மருத்துவர் கவர்ஸ் 1879-இல் விளக்கி எழுதிய இவ்வடையாளம் இன்றும் அவர் பெயராலேயே அறியப்படுகிறது. ஓட்டத்தில் என்றும் பின்தங்குபவனை, படியேறக் கைப்பிடியைத் தேடுபவனை, அடிக்கடி தடுமாறி விழுபவனைச் சோம்பேறி என்று கடிந்துகொள்ளுமுன் ஆசிரியர் ஒருகணம் நின்று நோக்குதல் நலம். ஏறத்தாழப் பன்னிரண்டாம் வயதளவில் இச்சிறுவர் நடக்கும் ஆற்றலை இழக்கின்றனர். பின்னர் மூச்சுத்தசையும் இதயத்தசையும் தளர்கின்றன. மூச்சுக்கருவியும் நல்ல பேணுகையும் கிடைத்தவர்கள் முப்பது வயதையும் கடந்து வாழ்கின்றனர். அவை கிடையாதவர்களின் வாழ்வு அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

பழுதுற்ற மரபணுவைத் தாய் தன் உடலில் அறியாமலே சுமந்திருக்கலாம். அவ்வாறு சுமப்பவளுக்குப் பிறக்கும் ஒவ்வோர் ஆண்மகவுக்கும் நோய் வருவதற்கும் வாராமைக்கும் சம வாய்ப்பு உண்டு. ஆயினும் நோயுற்றோருள் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்குத் தாயிடம் பழுது ஏதுமின்றிப் புதிதாகவே அம்மாற்றம் தோன்றுகிறது. எவ்வகையாயினும் இஃது எவருடைய குற்றமும் அன்று. ஊழ் என்றோ முன்வினை என்றோ பெற்றவளின் தலையில் பழி சுமத்துவது அறியாமையினும் கொடியது.

துணை மருந்தின் தோற்றம்

நெடுங்காலம் இந்நோய்க்கு மருந்தே இல்லை என்ற நிலை இருந்தது. 1989-இல் வெளியான ஓர் ஆய்வு அந்நிலையை மாற்றியது. 103 சிறுவரைக் கொண்டு ஆறுமாத காலம் நடந்த அச்சோதனையில், பிரெட்னிசோன் என்னும் ஸ்டீராய்டு மருந்து தசைவலுவைக் கூட்டுவது வெற்று மருந்துடன் ஒப்பிட்டு நிறுவப்பட்டது. அது நோயைத் தீர்ப்பதில்லை. நடக்கும் காலத்தைச் சில ஆண்டுகள் நீட்டுகிறது. அதற்கு ஈடாக உடற்பருமன், எலும்பு மெலிதல், வளர்ச்சி குன்றல் ஆகிய தீங்குகளையும் தருகிறது.

அளவிற் சிறிதேனும் மெய்யான பயன் ஒன்று கிடைத்துவிட்டதனால் சோதனையின் அறமும் மாறியது. பயன் தரும் மருந்தை நிறுத்திவிட்டுப் புதிய மருந்தைச் சோதித்தல் இனிக் கொடுமையாகும். ஆகவே எல்லாச் சிறுவருக்கும் ஸ்டீராய்டைத் தொடர்ந்து கொடுத்து, அதனோடு ஒரு பகுதியினருக்குப் புதிய மருந்தையும், எஞ்சியோர்க்கு அதே தோற்றமும் சுவையும் உடைய வெற்று மருந்தையும் சேர்த்துக் கொடுக்கும் முறை பெருவழக்காயிற்று. இதுவே துணை மருந்துச் சோதனை. யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முறை முடிவு செய்யும். சிறுவரும் பெற்றோரும் அறியார். மருந்தளிக்கும் மருத்துவரும் அறியார்.

கிவினோஸ்டாட் என்னும் மருந்து இம்முறையிலேயே சோதிக்கப்பட்டது. ஸ்டீராய்டு உண்டுவந்த 179 சிறுவருள் மூவரில் இருவருக்கு அம்மருந்தும், ஒருவருக்கு வெற்று மருந்தும் 18 மாதங்கள் தரப்பட்டன. நான்கு படிகளை ஏறச் சிறுவர் எடுத்துக்கொள்ளும் நேரமே அளவுகோல். முதன்மைக் கணிப்பிற்குரிய 120 சிறுவரிடையே, வெற்று மருந்து உண்டோர்க்கு அந்நேரம் சராசரி 3.03 நொடியும், மருந்துண்டோர்க்கு 1.25 நொடியும் கூடியிருந்தது. இரு சாராரும் தளர்ந்தனர். ஒரு சாரார் மெல்லத் தளர்ந்தனர். 2024 மார்ச்சு மாதம், ஆறு வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு இம்மருந்தை அமெரிக்க அரசின் மருந்து ஆணையம் ஏற்றது.

அம்முடிவு எவ்வாறு கிட்டிற்று என்பதை எண்ணுதல் வேண்டும். மருந்துண்டவர் மெல்லத் தளர்ந்தனர் என்று சொல்வதற்கு, விரைந்து தளர்ந்தவர் சிலர் இருந்தாக வேண்டும். வெற்று மருந்துண்ட சிறுவரின் தளர்ச்சியே மருந்தின் வலிமையை அளந்த கோலாயிற்று. அவர்கள் இழந்த நொடிகளே உலகம் பெற்ற அறிவு. இதனை நேர்நின்று நோக்காத எந்த அறவுரையும் முழுமையானதன்று.

அன்பு அளவுகோல் ஆகுமா?

எல்லோருக்கும் புதிய மருந்தைக் கொடுத்துப் பார்த்தால் என்ன என்று நல்லுள்ளம் வினவும். அவ்வினாவில் அன்பு இருக்கிறது. ஆயின் அன்பு அளவுகோல் ஆகாது. டூஷேன் நோயுற்ற சிறுவன் ஏறத்தாழ ஆறேழு வயதுவரை, நோய் உள்ளே அரித்துக்கொண்டிருக்கும்போதே, வளர்ச்சியின் வலுவால் சற்று நன்றாக ஓடவும் ஏறவும் கற்கிறான். அப்பருவத்தில் எதைக் கொடுத்தாலும் அது பயன் தந்ததாகவே தோன்றும். பெற்றோரின் நம்பிக்கை கண்ணை மயக்கும். மருத்துவரின் ஆர்வமும் மயக்கும். ஒப்பிட ஆளின்றேல், காலம் செய்த வேலையை மருந்து செய்ததாகக் கொள்ளும் பிழை நேரும்.

நம்பிக்கை பொய்த்த சான்றுகள் பலவுண்டு. டடாலஃபில் என்னும் மருந்து இரத்த ஓட்டத்தைக் கூட்டித் தசையைக் காக்கும் என்று எதிர்பார்க்கப்பட்டது. ஸ்டீராய்டு உண்டுவந்த 331 சிறுவரிடம் அதனைத் துணை மருந்தாகச் சோதித்தபோது நடையின் தளர்ச்சி குறையவில்லை என்பது 2017-இல் வெளியாயிற்று. ஐடிபெனோன் என்னும் மற்றொன்று, ஸ்டீராய்டு உண்ணாதவர்களின் மூச்சுத்திறன் குறைவதை மட்டுப்படுத்தியதாக 2015-இல் அறிவிக்கப்பட்டது. ஸ்டீராய்டு உண்பவர்களுக்கு அதனையே துணையாகக் கொடுத்துச் செய்த சோதனை, இடைக்கால ஆய்வில் பயன் தோன்றாமையால் 2020-இல் நிறுத்தப்பட்டது. ஒப்பீடு இல்லாதிருப்பின் இம்மருந்துகளைப் பெற்றோர் நிலத்தை விற்றும் நகையை அடகு வைத்தும் இன்றளவும் வாங்கிக்கொண்டிருப்பர்.

புதிய சிகிச்சை பெறுபவனே நற்பேறு உடையவன் என்று எண்ணுதலும் தவறு. இந்நோய்க்கென 2023-இல் அமெரிக்காவில் ஏற்கப்பெற்ற மரபணுச் சிகிச்சையைப் பெற்றவருள், நடக்கும் ஆற்றலை இழந்திருந்த இளைஞர் இருவர் 2025-இல் கல்லீரல் செயலிழந்து மாண்டனர். குலுக்கலின்போது எது நற்சீட்டு என்பதை எவரும் அறியார். அவ்வறியாமை மெய்யானதாக இருக்கும்வரையே குலுக்கல் அறத்தோடு பொருந்தும். ஒருவர் அறிந்து வைத்துக்கொண்டு மற்றவரை அறியாதிருக்கச் செய்தால் அது வஞ்சனை.

தமிழ் மண்ணிலும் இத்தகைய சோதனை நிகழ்ந்துள்ளது. கருப்பு ஈஸ்ட் எனப்படும் ஒருவகைப் பூஞ்சையிலிருந்து எடுக்கும் பீட்டா குளுக்கான் என்னும் பொருளை, வழக்கமான மருத்துவத்தோடு சேர்த்து 18 சிறுவருக்குக் கொடுத்து, வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்ற 9 சிறுவரோடு ஒப்பிட்ட ஆய்வொன்று தமிழ்நாட்டில் நடந்தது. 2021-இல் இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிவு பெற்றது. 45 நாள்களில் இரத்தத்தில் அழற்சிக் குறிகள் குறைந்தன என்று ஆய்வாளர் அறிவித்தனர். வெற்று மருந்து இன்றி, யாருக்கு எது என்பதை யாவரும் அறிந்தே நடந்த சோதனை அது. சிறுவரின் எண்ணிக்கை சிறிது; காலமும் குறுகியது. ஆதலின் அது மேலும் ஆராய்வதற்கு வாயில் திறக்குமேயன்றி, நடை நீளும் என்று உறுதி கூறப் போதாது. நம் மொழி பேசும் சிறுவரின் பங்களிப்பு என்பதற்காக ஆய்வின் முடிவைப் பெரிதாக்கிச் சொல்லுதல், அச்சிறுவருக்கே செய்யும் தீங்காகும்.

கோலாலம்பூர், 1905

ஒப்பிட்டறியும் முறை மலாயாவிற்குப் புதியதன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரிபெரி என்னும் நோய் இந்நாட்டில் பல உயிர்களைக் கொள்ளை கொண்டது. கால்கள் மரத்துத் தளர்ந்து, இதயம் வீங்கி மாந்தர் மடிந்தனர். தோட்டங்களில் புழுங்கல் அரிசிச் சோறுண்ட தமிழரிடையே அந்நோய் அரிதாகவும், தீட்டிய பச்சரிசி உண்ட சீனத் தொழிலாளரிடையே மிகுதியாகவும் இருந்தது. அரிசியே காரணமோ என்னும் ஐயம் மருத்துவரிடையே எழுந்தது.

1905 திசம்பரில் மருத்துவர் வில்லியம் ஃபிளெட்சர், கோலாலம்பூர் மனநோயாளர் இல்லத்தில் இருந்தவர்களை வரிசையாக நிறுத்தி எண்ணச் செய்தார். இரட்டைப்படை எண் பெற்றோர்க்குப் புழுங்கல் அரிசியும், ஒற்றைப்படை எண் பெற்றோர்க்கு அதுவரை அங்கு வழக்கில் இருந்த சயாம் நாட்டுப் பச்சரிசியும் வழங்கப்பட்டன. பச்சரிசி உண்ட 120 பேருள் 36 பேர் பெரிபெரி நோயுற்றனர். 18 பேர் இறந்தனர். புழுங்கல் அரிசி உண்ட 123 பேருள் நோயுடன் காணப்பட்டோர் இருவரே, இறந்தவர் இல்லை. 1907-இல் வெளியான இம்முடிவு, பின்னர் உயிர்ச்சத்து பி1 கண்டறியப்படுவதற்கு வழிகோலிய ஆய்வுகளுள் ஒன்றாயிற்று. அதனால் பிழைத்தவர் எண்ணற்றோர்.

ஃபிளெட்சர் எவரிடமிருந்தும் வழக்கமான உணவைப் பறிக்கவில்லை. இன்றைய துணை மருந்துச் சோதனையும் இருப்பதைப் பறிப்பதில்லை. ஆயின் பறியாமை ஒன்றே அறமாகிவிடாது என்பதை அந்தப் பதினெட்டு இறப்பும் உணர்த்துகின்றன. அவர்களிடம் ஒப்புதல் கேட்கப்படவில்லை. கேட்டாலும் மறுக்கும் உரிமையோடு வெளியேறும் நிலையில் அவர்கள் இல்லை. ஒரு சாரார் மாண்டுகொண்டிருக்க மற்றவர் நலமாய் இருந்தபோது, போதும் நிறுத்துக என்று சொல்வதற்குத் தனியொரு குழு இருக்கவில்லை. மருத்துவ வரலாறு ஃபிளெட்சரைப் பெயர் சொல்லி அழைக்கிறது. பதினெண்மரை எண்ணாகவே சொல்கிறது.

அவர்கள் இல்லாத இடத்தில் இன்று மூன்று காவல்கள் நிற்கின்றன. ஒப்புதலின்றிச் சோதனை இல்லை. எந்நேரமும் காரணம் கூறாது விலகலாம். சார்பற்ற குழுவொன்று இடையிடையே முடிவுகளை நோக்கித் தீங்கு மிகினும் பயன் இன்றேனும் நிறுத்தலாம். ஐடிபெனோன் சோதனையை 2020-இல் நிறுத்தச் சொன்னது இத்தகைய குழுவே. உலக மருத்துவ மன்றம் 1964-இல் ஏற்று, அண்மையில் 2024-இல் திருத்திய ஹெல்சிங்கி அறிக்கை இக்காவல்களை வற்புறுத்துகிறது. மலேசியாவிலும் மருந்துச் சோதனைகள் நெறிமுறைக் குழுவின் இசைவு பெற்றே தொடங்கப்பட வேண்டும்.

ஒப்பமும் ஒப்புதலும்

காவல்கள் ஏட்டில் இருப்பது வேறு. மனிதரை எட்டுவது வேறு. பினாங்கு மாநிலத்தின் தென்கோடியில், நிபோங் திபாலை அடுத்துள்ளது பைராம் தோட்டம். தமிழ்ப்பள்ளி ஒன்றின் பெயரிலும் வாழும் தோட்டம் அது. அங்கு வாழும் ஒரு தாயிடம், அவள் மகனைத் துணை மருந்துச் சோதனையில் சேர்க்க மருத்துவர் ஒருவர் இசைவு கேட்பதாகக் கொள்க. பக்கக்கணக்கில் அச்சிட்ட தாள்கள் அவள்முன் வைக்கப்படுகின்றன. அவளோ, "நீங்க பார்த்துச் செய்யுங்க டாக்டர், நீங்க சொன்னாச் சரி" என்று கூறி, கையெழுத்திட எழுதுகோலைத் தேடுகிறாள்.

அவள் இட்டது ஒப்பம். தந்தது ஒப்புதல் ஆகுமா? மருத்துவர்மேல் அவள் கொண்ட மதிப்பு உயர்ந்ததே. ஆயின் மறுத்தால் மகனுக்குக் கிடைத்துவரும் மருத்துவம் நின்றுவிடுமோ என்ற அச்சமும் அம்மதிப்பினுள் மறைந்திருக்கக்கூடும். தலைமுறை தலைமுறையாகத் துரைக்கும் கிராணிக்கும் தலையசைத்துப் பழகிய குடும்பத்தில் 'மாட்டேன்' என்னும் சொல் எளிதில் வாய்க்கு வாராது. அச்சொல் வருவதற்கு இடந்தருவது கேட்பவரின் கடமை. தாளை அவள் கையில் கொடுத்து, வீட்டிற்குச் சென்று கணவருடனும் உறவினருடனும் கலந்து, ஒரு வாரம் கழித்து வருமாறு சொல்லும் மருத்துவரே ஒப்புதல் கேட்டவர் ஆவார்.

அவளிடம் சொல்லவேண்டுவன சில உண்டு. அவற்றை அவள் மொழியில் சொல்ல வேண்டும். மகனுக்குக் கிடைப்பது வெற்று மருந்தாகவும் இருக்கலாம், எதுவென்று சொல்பவருக்கும் தெரியாது, ஸ்டீராய்டு நிற்காது, மறுத்தாலும் மருத்துவம் குறையாது, மாதந்தோறும் ஜார்ஜ் டவுனுக்குச் சென்று வரும் நாள்களில் கூலி இழக்க நேரின் அவ்விழப்பை யார் ஈடுசெய்வார் என்பது இன்னது. 2014-இல் திறக்கப்பெற்ற இரண்டாம் பாலம் தீவுக்குச் செல்லும் வழியைச் சுருக்கியது. ஒரு நாள் வேலையை இழப்பதன் சுமையை எந்தப் பாலமும் சுருக்குவதில்லை. நல்ல தமிழில் இவற்றை எழுதிக் கொடுப்பது மருத்துவருக்கு மட்டும் உரிய பணியன்று. தமிழ் கற்றோர்க்கு இதனினும் பயனுடைய மொழிபெயர்ப்பு வேலை அரிது.

சிறுவனையும் கேட்டல் வேண்டும். எட்டு வயதுப் பிள்ளைக்குச் சட்டத்தின்முன் ஒப்பமிடும் உரிமை இல்லை. ஆயின் ஊசி தைப்பது அவன் கையில். படியேறித் தளர்வது அவன் கால். ஊசி வேண்டாவென்று அவன் அழுதால், அவ்வழுகையும் ஒரு விடையே.

கடன் என்னும் சொல்

இவையெல்லாம் குறைவற நிறைவேறினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. அறிந்தே ஒப்பிய சிறுவன், ஒன்றரை ஆண்டு வெற்று மருந்துண்டு, அக்காலத்தில் தசையை இழந்தான். ஒப்பினான் என்பதால் கணக்கு முடிந்துவிட்டதா?

தமிழில் 'கடன்' என்னும் ஒரே சொல் கடமையையும் குறிக்கும். திருப்பித் தரவேண்டிய பொருளையும் குறிக்கும். இவ்விரு பொருளும் இங்கே ஒன்றாகின்றன. அச்சிறுவனிடம் பிறவாதவன் கடன்பட்டிருக்கிறான். பிறவாதவன் சார்பில் அக்கடனை இறுக்க வேண்டியவர்கள் இன்று இருப்பவர்களே: மருந்தை ஆக்கும் நிறுவனம், ஆய்வாளர், அரசு, சமுதாயம். திருவள்ளுவர் ஒப்புரவறிதலை 22-ஆம் அதிகாரமாகவும் ஈகையை 23-ஆம் அதிகாரமாகவும் தனித்தனியே வைத்ததும் இவ்விடத்து நினைவுகூரத் தக்கது. இல்லார்க்கு இரங்கித் தருவது ஈகை. சோதனையில் பங்கேற்ற சிறுவனுக்குப் பின்னர் மருந்து தருவதை ஈகை என்று பாராட்டுவது பொருந்தாது. அவன் கொடுத்தவன், பெறவேண்டியவன். கடனைத் திருப்பித் தருபவர் கொடையாளர் எனப் புகழ் தேடுதல் முறையன்று.

அக்கடன் இறுக்கப்படாது போனமைக்குச் சான்றொன்று உண்டு. டெஃப்ளசகோர்ட் என்னும் ஸ்டீராய்டு 1990-களில் 196 சிறுவரிடம் சோதிக்கப்பட்டது. அவருள் ஒரு பகுதியினர் முதற் பன்னிரண்டு வாரங்கள் வெற்று மருந்தையே உண்டனர். அச்சோதனையின் முழு முடிவு ஆய்விதழில் வெளிவந்தது 2016-இல்தான். 2017-இல் அமெரிக்க ஆணையம் அம்மருந்தை ஏற்றபோது, பிற நாடுகளில் நெடுங்காலம் குறைந்த விலைக்கு விற்றுவந்த அதே மருந்துக்கு ஆண்டுக்கு 89,000 டாலர் என்று விலை குறிக்கப்பட்டது; பெரும் எதிர்ப்பு எழுந்தது. இருபது ஆண்டுகளுக்கு முன்பு நாள்களைக் கொடுத்த சிறுவருள் இந்நோயின் இயல்புப்படி எத்தனை பேர் அம்முடிவைக் காண வாழ்ந்திருப்பர் என்பதை எண்ணினால், அறிவை அடைத்து வைப்பதன் கொடுமை விளங்கும். மேலே சுட்டிய மரபணுச் சிகிச்சைக்கோ அமெரிக்காவில் குறிக்கப்பெற்ற விலை 32 இலட்சம் டாலர். அவ்விலையில் தோட்டத்துச் சிறுவனுக்கும் அம்மருந்துக்கும் இடையே பாலமே இல்லை.

விலை உயர்வுக்கு நிறுவனங்கள் கூறும் காரணத்தையும் புறந்தள்ளுதல் கூடாது. அரிய நோய்க்குரிய மருந்தை வாங்குவோர் சிலரே; சோதனைகளுள் பல தோற்கின்றன; தோற்றவற்றின் செலவையும் வென்றதே தாங்க வேண்டியுள்ளது. ஆதாயமே இல்லையெனில் அரிய நோயை ஆராய முன்வருவோர் அருகுவர் என்பதும் மெய்யே. ஆயின் முதலிட்டவரின் பட்டியலில் பணமிட்டவர் பெயர் மட்டும் இருப்பது கணக்குப் பிழை. நாள்களை இட்ட சிறுவரும் முதலிட்டவரே. அதிலும் திரும்பப் பெற இயலாத முதலை இட்டவர்.

ஆகவே கடனை இறுக்கும் வழிகளைச் சோதனை தொடங்குமுன்பே எழுதி வைத்தல் வேண்டும். வெற்று மருந்துண்டவருக்குச் சோதனை முடிந்தவுடன் மெய்ம்மருந்து கிட்டவேண்டும். கிவினோஸ்டாட் சோதனையில் பங்கேற்றோர் தொடர்ந்து அம்மருந்தைப் பெற நீட்டிப்பு ஆய்வு ஒன்று அமைந்தது நன்முறை. வெற்றியாயினும் தோல்வியாயினும் முடிவு விரைந்து வெளியாகவேண்டும். தோற்ற மருந்தைப் பற்றிய அறிவும் சிறுவர் தந்ததே. எந்த நாட்டில், எந்த ஊரில் சோதனை நடந்ததோ அங்கு வாழ்வோர் வாங்கக்கூடிய விலையில் மருந்து கிடைக்க வழி இருக்கவேண்டும். இம்மூன்றிற்கும் உறுதி தரவியலாத சோதனைக்கு நெறிமுறைக் குழு கதவைத் திறத்தல் தகாது. ஹெல்சிங்கி அறிக்கையும் சோதனைக்குப் பிந்திய மருந்து வசதியைப் பற்றியும், பயனின்றிப் போன முடிவுகளை வெளியிடுவது பற்றியும் பேசுகிறது. பேசப்படுவது நிறைவேறுகிறதா என்று கேட்கும் குரல் நோயுற்றோர் வாழும் இடங்களிலிருந்தும் எழவேண்டும்.

நான்காம் கூறு

மருந்தைப் பற்றிய பேச்சு, உடனிருந்து பேணுதல் என்னும் நான்காம் கூற்றை மறக்கச் செய்தல் கூடாது. தமிழ்நாட்டில் சேலத்தைச் சேர்ந்த வானவன் மாதேவி, இயலிசை வல்லபி என்னும் உடன்பிறந்தோர் இருவரும் தசைச்சிதைவு நோயுற்றவர்கள். தாமே சக்கர நாற்காலியில் வாழ்ந்துகொண்டு, ஆதவ் அறக்கட்டளை என்னும் அமைப்பின் வழியாகத் தம்மைப்போன்ற பிறர்க்குத் துணையாயினர். வானவன் மாதேவி 2017-இல் மறைந்தார். நோயைத் தீர்க்கும் மருந்து வரட்டும் என்று அவர்கள் வாழ்வை நிறுத்தி வைக்கவில்லை. சோதனைக்குரிய உடல்களாகவும் இரக்கத்திற்குரிய உருவங்களாகவும் மட்டும் நோயுற்றோரைக் காணும் பார்வைக்கு அவர்களுடைய வாழ்வே மறுமொழி.

பள்ளியில் சாய்தளம் அமைத்தல், மாடியில் நடக்கும் வகுப்பைக் கீழ்த்தளத்திற்கு மாற்றுதல், நடக்கவியலாதவனை ஆட்டத்தில் நடுவனாக அமர்த்துதல் ஆகியவற்றிற்குக் குலுக்கலும் வேண்டா, ஒப்பீடும் வேண்டா. இவற்றால் பயன் உண்டா என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. ஐயமுள்ள மருந்துக்கு ஒரு சிறுவனின் நாள்களைக் கேட்கும் சமுதாயம், ஐயமற்ற இவற்றை அவனுக்கு மறுத்தால், அக்கேள்வியைக் கேட்கும் தகுதியை இழந்துவிடுகிறது.

ஆதலின், ஒரு குழந்தையின் நாள்களை மற்றொரு குழந்தைக்காகச் செலவிடலாமா என்னும் வினாவிற்கு, செலவிடுதல் என்னும் சொல்லைத் திருத்தியே விடை கூறவேண்டும். பிறர் எடுத்துச் செலவிடுவதற்கு அந்நாள்கள் எவர் உடைமையும் அல்ல. அவற்றைக் கடனாகக் கேட்கலாம். அறியாமை மெய்யானால், பயனுள்ள மருந்து நிறுத்தப்படாதெனில், மறுப்பதற்கு மெய்யான இடம் இருந்தால் கேட்கலாம். அவ்வாறு பெற்ற கடனைத் திருப்பித் தரும் வழியை வாங்குமுன்பே வகுத்திருத்தல் வேண்டும். பிறவாதவன் தன் கடனைத் தானே வந்து தீர்க்க இயலாது. அவனுக்காகக் கடன் கேட்டவர்களே அதற்குப் பிணை.